எனக்கு நன்றி சொல்லக் கூடாது

எங்கள் வீட்டில் சண்டை என்றால் முழங்காலில் நின்றுதான் போடுவோம். கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் உண்மை. சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்குக் கூடும்போதுதான் அன்றைக்கு அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வரும். என் வீட்டுக்காரர் பெயிண்டர். நாளெல்லாம் சுவரோடு இருந்து பழகியதாலோ என்னவோ, மனிதர்களைப் பார்த்தால் அவருக்குப் பேச்சு வராது. என்னிடம் அரை வாக்கியம் பேசுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிடும். ஆண்டவரிடம் என்றால் அரை மணி நேரம் பேசுவார்.

குழம்பில் உப்பு தூக்கலாகிவிட்டால் சாப்பிடும்போது ஒன்றும் சொல்ல மாட்டார். ஜெபத்தில், "ஆண்டவரே, எங்கள் உணவில் அளவைக் கற்பித்தருளும்" என்பார். நான் சும்மா விடுவேனா. என் முறை வந்ததும், "ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிற கைகளைத் திருத்தும் ஆண்டவரே" என்பேன். எங்கள் மகள் எங்களையும் மிஞ்சினவள். ஒரு தடவை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "நான் கணக்கில் பெயில் ஆனதை அப்பா பொறுமையாகக் கேட்கும்படி அவருக்குக் கிருபை தாரும்" என்று முடித்தாள். அவரும் ஆமென் சொல்லித் தொலைத்துவிட்டார். அதன் பிறகு எப்படி அடிப்பது? நேருக்கு நேர் சொன்னால் பொங்கி வழிகிற விஷயம், ஆண்டவர் வழியாகச் சுற்றி வரும்போது கொஞ்சம் ஆறித்தான் வரும். அது நல்ல வழி என்றுதான் நானும் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய அக்கா தன் கிட்னியைத் தருகிறேன் என்று சொன்னதும் இப்படித்தான்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் சுருங்கிப் போயிருந்த நேரம் அது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். கையில் ஊசி குத்திய இடமெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கிக் கிடக்கும். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சின்னக் கிண்ணத்தில் ஊற்றி வைத்ததை அவர் நாளெல்லாம் வைத்துக்கொண்டு, உதடு நனைய நனையக் குடிப்பார். நானும் மகளும் அவருக்குத் தெரியாமல் அடுப்படியில் திரும்பி நின்று தண்ணீர் குடிப்போம். சாரம் ஏறி மூன்று மாடிக்கு ஒரே மூச்சில் வெள்ளையடித்த மனிதர், குளியலறைக்குப் போய் வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அழக்கூட நேரமில்லை. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, துணிக்கடைக்காரர்கள் அனுப்புகிற பேன்ட்களுக்கு அடி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் அக்கா பேக்கரியில் மாவு பிசைகிறவர். அங்கே எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு நாத்தனார், அண்ணி என்பேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "அதுக்குள்ள மாவு புளிச்சிடுமே" என்பார். ஒரு மூட்டை மைதாவைத் தனியாகத் தொட்டியில் கவிழ்த்துப் பிசைவார். தோள் இரண்டும் ஆண்பிள்ளைத் தோள். சத்தமாகச் சிரிப்பார், சத்தமாகத் திட்டுவார், தம்பி என்றால் உயிர். அதையும் திட்டித்தான் காட்டுவார்.

அன்றைக்கு ஜெபத்துக்கு வந்து உட்கார்ந்தவர் எல்லாரும் முடித்த பிறகு ஆரம்பித்தார். "ஆண்டவரே, எங்கிட்ட ரெண்டு வெச்சிருக்கீங்க. ஒண்ணை எடுத்து இவனுக்குக் குடுங்க. ஆமென்." அவ்வளவுதான். எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு, "டாக்டரை எப்பப் பாக்கலாம்னு கேட்டு வை" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். என் வீட்டுக்காரர் முழங்காலில் நின்றவர் நின்றபடியே இருந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலை அண்ணியைப் பச்சை அங்கி போட்டுத் தள்ளுகட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். இவரும் பக்கத்துக் கட்டிலில். நடுவில் நான், இரண்டு பேருடைய செருப்பையும் பையில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு. அப்போது அண்ணி சொன்னார்:

"ஒண்ணு சொல்லிடறேன், ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. இதுக்கு எனக்கு நன்றின்னு ஒரு வார்த்தை யாரும் சொல்லக் கூடாது. குடுக்கறவர் அவர். நான் வெறும் தட்டு. தட்டுக்கு யாரும் நன்றி சொல்றதில்ல."

"அக்கா" என்று இவர் ஏதோ சொல்ல வந்தார்.

"சொன்னா எழுந்து போயிடுவேன்" என்றார். பிறகு தன்னைத் தானே குனிந்து பார்த்துவிட்டு, "இப்ப முடியாது. கட்டிப் போட்டுட்டாங்க" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

எங்கள் மாதிரி ஆட்களுக்கு அப்படிப் பேசுவது புதிதல்ல. யாராவது சமையல் நன்றாக இருக்கிறது என்றால்கூட, "எல்லாம் ஆண்டவர் கிருபை" என்று மேலே கை காட்டிவிடுவோம். நமக்கு வருவதை வாங்கி வைத்துக்கொள்வது பாவம் என்றே வளர்ந்துவிட்டோம். அதனால் அண்ணி சொன்னது எங்களுக்கு விசித்திரமாகப் படவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டோம்.

இரண்டு பேரும் பிழைத்தார்கள். இவர் நன்றாகத் தேறினார். முகத்தில் இருந்த சாம்பல் நிறம் போய் ரத்தம் ஊறியது. வேளாவேளைக்கு மாத்திரை உண்டு, ஆனால் டயாலிசிஸ் இல்லை. சாரம் ஏற வேண்டாம் என்று சொன்னதால் கீழே நின்று கதவு, ஜன்னல்களுக்கு வார்னிஷ் அடிக்கப் போனார். வீட்டில் மறுபடியும் தின்னர் வாசனை வந்தபோது நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என் வாழ்க்கையில் அந்த வாசனைக்கு நான் அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அண்ணியும் வேலைக்குத் திரும்பினார். ஆனால் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் மாவுத் தொட்டிக்கு வேறு ஒருவரைப் போட்டிருந்தார்கள். அந்த ஆளும் நன்றாகவே செய்தார். சில மாதம் கழித்து அண்ணிக்கு உடம்பு நேரான பிறகும் முதலாளி, "நீங்க உக்காந்து பாருங்க மாஸ்டர், கஷ்டப்பட்டது போதும்" என்று பாக்கெட் போடுகிற மேஜையிலேயே வைத்துவிட்டார். நல்ல மனிதர். நல்லதுக்குத்தான் செய்தார். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு நாள் ரொட்டி வாங்கப் போனபோது, தலையில் காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு அண்ணி ரொட்டிகளைக் கவரில் நுழைத்து வாயை ஒட்டிக்கொண்டிருந்ததை நானேதான் பார்த்தேன்.

"என்ன அண்ணி, இங்க உக்காந்திருக்கீங்க?"

"ராணி உத்தியோகம். குனிய வேண்டாம், வேர்க்க வேண்டாம்" என்றார். நகக்கண்ணில் எப்போதும் இருக்கிற மாவு இல்லை. கை வெளுத்துச் சுத்தமாக இருந்தது. நான் அதைப் பற்றி மேலே கேட்டிருக்கலாம். பேன்ட் மூட்டை காத்திருந்தது, ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தம்பிக்குத் தெரிய வேண்டாம் என்று அண்ணி கண்ணாலேயே சொன்ன மாதிரி இருந்தது, அவரிடமும் சொல்லவில்லை.

ஆபரேஷன் ஆகி ஒரு வருடம் முடிந்ததும், ஸ்தோத்திரக் காணிக்கை படைத்துச் சபையில் சாட்சி சொல்ல வேண்டும் என்று இவர் ஆசைப்பட்டார். எங்கள் சபையில் அது வழக்கம். நன்மை பெற்றவர்கள் முன்னால் போய் நின்று பெற்றதைச் சொல்வார்கள். இவர் மைக் முன்னால் நிற்கப் போகிறார் என்றதும் எனக்கே நம்பிக்கை இல்லை. புதுச் சட்டைக்குக் காலர் திருத்திக் கொடுத்துவிட்டு, இரண்டு வார்த்தை பேசி இறங்கிவிடுவார் என்று இருந்தேன்.

இறங்கவே இல்லை. வியாதி வந்த கதையிலிருந்து ஆரம்பித்தார். டாக்டர்களுக்கு நன்றி சொன்னார், நர்சுகளுக்குச் சொன்னார். ரத்தம் எடுக்கிற பெண் வலிக்காமல் எடுப்பாள் என்று அவளுக்குச் சொன்னார். போதகருக்கு, உபவாசம் இருந்து ஜெபித்த பெண்கள் குழுவுக்கு, ஆம்புலன்ஸ் டிரைவருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் எங்களுக்குக் கேஸ் சிலிண்டர் மாற்றிக் கொடுத்தாராம், அவருக்கும் ஒரு நன்றி. அந்த ஆள் சபைக்கே வருகிறவர் இல்லை. எனக்கும் மகளுக்கும் சொன்னார், நான் தலையைக் குனிந்துகொண்டேன். இனி அக்காதான், கடைசியாக வைத்திருக்கிறார், அழ வைக்கப் போகிறார் என்று கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"என் ஆண்டவர் எனக்குப் புது உறுப்பைக் கொடுத்தார். எல்லா மகிமையும் அவருக்கே" என்று சொல்லி இறங்கிவிட்டார்.

சபை முழுக்க ஆமென் என்றது. அண்ணியும் சொன்னார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. பெயர் கூப்பிடுவார்கள் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறவர்களின் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஆராதனை முடிந்து எல்லாரும் இவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணி போய்விட்டார். மதியம் சாப்பாட்டுக்கு வரவில்லை. போன் செய்தால், தலைவலி என்றார். அண்ணிக்குத் தலைவலி வந்து நான் பார்த்ததே இல்லை. அவர்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பார்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் ஜெபத்துக்கு முழங்கால் போடவில்லை. நின்றுகொண்டே கேட்டேன்.

"ஏன் அவங்களைச் சொல்லல?"

"அக்காதானே சொல்லக் கூடாதுன்னாங்க."

"அவங்க ஆயிரம் சொல்லியிருக்காங்க. பீடியை விடுன்னு சொன்னாங்க, கேட்டீங்களா? வெயில்ல தொப்பி போட்டுக்கோன்னு சொன்னாங்க, கேட்டீங்களா? வாழ்க்கையில அவங்க சொன்னதுல இந்த ஒண்ணை மட்டும்தான் நீங்க கேட்டிருக்கீங்க."

அவர் பின்பக்கம் போய்க் காய்ந்த பிரஷ்ஷை எடுத்து வைத்துச் சுரண்ட ஆரம்பித்தார். ஏற்கனவே சுத்தமாக இருந்த பிரஷ் அது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு விளங்கிவிட்டது. அக்கா போட்ட தடை இவருக்கு வசதியாகப் போய்விட்டது. ரத்தம் எடுத்த பெண்ணுக்கு நன்றி சொல்லலாம், அது ஒரு வார்த்தையில் அடங்கும். இது எந்த வார்த்தையில் அடங்கும்? அதனால் மொத்தமாக மேலே அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டார். எனக்கு அவர் மேல் ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஆத்திரம்தான் அதிகம்.

அதன் பிறகு அண்ணி சபைக்கு வருவார், கடைசி ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து போய்விடுவார். வீட்டுப் பக்கமே வரவில்லை. நான் போய்ப் பார்த்தால் நன்றாகத்தான் பேசுவார், அடுத்தவர் வீட்டுப் பெண்ணிடம் பேசுகிற மாதிரி. அவர் என்னைத் திட்டாமல் இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக் கழற்றாமலே நின்றாள். "அம்மா, அத்தை வீட்டுல எல்லாத்தையும் அட்டைப் பெட்டியில போட்டுக் கட்டி வெச்சிருக்காங்க. அந்த பேக்கரிக்கு வேற ஊர்ல இன்னொரு கடை இருக்காமே, அங்க வேலைக்குப் போறாங்களாம். நாளன்னிக்கு ரயிலாம்."

"நம்மகிட்ட சொல்லச் சொன்னாங்களா?"

"சொல்ல வேண்டாம்னாங்க. லெட்டர் போட்டுக்கறேன்னாங்க."

இந்த மனத்தாங்கலோடு அண்ணி ரயில் ஏறிவிட்டால் அப்புறம் அவர் எங்களுக்கு இல்லை என்று தெரிந்தது. உறவு அறுந்துவிடாது. கல்யாணத்துக்கு வருவார், சாவுக்கு வருவார். ஆனால் அக்கா என்று ஒருத்தர் இருக்க மாட்டார். தன் உடம்பில் பாதியை எடுத்துக் கொடுத்துவிட்டு யாருமில்லாதவர் மாதிரி ஊரை விட்டுப் போவார். அதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருப்போம்.

வேலை முடிந்து வந்தவரைக் கை கழுவக்கூட விடவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"போய்ச் சொல்லுங்க" என்றேன்.

"என்னன்னு சொல்றது?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அது உங்க உடம்புல இருக்கு, எங்கிட்டயா இருக்கு?"

இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தார். மறுநாள் மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் போனோம். வழியில் அவர் உதடு அசைந்துகொண்டே வந்தது. ஜெபம் பண்ணுகிறார் என்று தெரிந்தது. பண்ணட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணி வீடு பேக்கரிக்குப் பின் சந்தில், மாடியில், இரண்டு சின்ன அறை. கதவு திறந்தே இருந்தது. சுவரோரம் பெட்டிகள் அடுக்கியிருந்தன, பேக்கரிக்கு டால்டா வந்த அட்டைப் பெட்டிகள், சணல் கயிறு போட்டுக் கட்டியவை. படுக்கை சுருட்டி நாடா கட்டியிருந்தது. சுவரில் காலண்டர் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அண்ணி எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார்.

"உன் பொண்ணு வாயில எதுவும் நிக்காதா?" என்றார் என்னிடம். "உக்காருங்க. டம்ளரெல்லாம் உள்ள போட்டுட்டேன். இருக்கறது ஒண்ணுதான்."

அந்த ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இவர் வாங்கி நிறுத்தாமல் குடித்தார். அண்ணி டம்ளரைப் பார்க்கவில்லை. தண்ணீர் இறங்குகிற தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அதைக் கவனித்தேன், இவர் கவனிக்கவில்லை.

அண்ணியே ஆரம்பித்தார்.

"அங்க மாவு பிசைய மெஷின் வாங்கியிருக்காங்களாம். மூட்டையைத் தூக்கிப் போட ஆள் இருக்கு, பதம் பாக்கத்தான் ஆள் இல்ல. இங்க பாக்கெட் போட்டுப் போட்டுக் கை செத்துப் போச்சு."

"பாக்கெட்டா?" என்றார் இவர். "நீ ஏன் பாக்கெட் போடறே?"

"ஆபரேஷன் ஆனதுல இருந்து அதுதானே வேலை."

"மாவுக்குப் போறதில்லையா?"

"இல்ல."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே அக்கா."

"நீ கேக்கவே இல்லையே" என்றார் அண்ணி. அதைக் கடிந்து சொல்லவில்லை. பெட்டியின் முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னார்.

என் வீட்டுக்காரரின் முகம் சுருங்கிவிட்டது. எழுந்தார். பெட்டிகளுக்கு நடுவே இடம் பார்த்து முழங்கால் போட்டார். கண்ணை மூடினார். எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதானே.

"அக்கா, ஜெபம் பண்ணலாம்" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தார். "பரலோகத் தகப்பனே, உமது மகளாகிய எங்கள் அக்காவுக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். அவர்கள் மூலமாக நீர் செய்த..."

"நிறுத்து" என்றார் அண்ணி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் குடும்பத்தில் ஜெபத்தை யாரும் நடுவில் நிறுத்தியதே இல்லை. அடுப்பில் பால் பொங்கினால்கூட ஆமென் சொன்ன பிறகுதான் ஓடுவோம்.

"கண்ணைத் திற."

இவர் திறந்தார்.

"அவர்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம். அவருக்குத் தெரியும்டா. எனக்குத்தான் தெரியாது. எங்கிட்ட சொல்லு."

"நீதானே அக்கா சொல்லக் கூடாதுன்னே."

"சொன்னேன். அவருக்கு மகிமைன்னு நினைச்சுத்தான் சொன்னேன். கொஞ்சம் பெருமைக்கும் சொன்னேன். நீங்க அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டீங்க. ஒருத்தராவது மீறுவீங்கன்னு பாத்தேன்." அண்ணி கீழே வைத்த கயிற்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். "சிலிண்டர் மாத்தினவனுக்குச் சொன்னியேடா."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இவர் முழங்காலில் நின்றபடி அக்காவைப் பார்த்தார். நெற்றியில் வியர்த்துவிட்டது. கண்ணைத் திறந்துகொண்டு பேசுவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பேசிவிடுங்கள், எதையாவது பேசிவிடுங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"காலையில எழுந்து ஒண்ணுக்குப் போறப்ப உன்னைத்தான் நினைச்சுக்கறேன் அக்கா" என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வேறு எதுவுமே கிடைக்கவில்லையா இந்த மனிதருக்கு?

ஆனால் அவர் நிறுத்தவில்லை. "டயாலிசிஸ்ல இருந்தப்ப அது அடியோட நின்னு போச்சு. சொட்டுக்கூட வராது. நான் மனுஷனே இல்லைன்னு தோணும். ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சப்ப, பைப்புல ஓடுதுன்னு ஒரு நர்ஸ் பையைத் தூக்கிக் காட்டினாங்க. அன்னிக்கு அழுதேன். இப்பவும் ஒவ்வொரு தடவையும் உன் ஞாபகம்தான். சில நாள் அங்கேயே நின்னு அழுதுட்டு முகத்தைக் கழுவிட்டு வருவேன். இதை எப்படி அக்கா சர்ச்சுல மைக் முன்னாடி நின்னு சொல்றது? இதைத் தவிர வேற எது சொன்னாலும் பொய்யாத் தெரிஞ்சுது. அதான் சொல்லல."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய சிரிப்பு, சந்து முழுக்கக் கேட்கிற சிரிப்பு. பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, நடுவிலேயே அது அழுகையாகிவிட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுருட்டி வைத்த படுக்கையின் மேல் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் தோளில் சாய்ந்துகொண்டார். கனமாகத்தான் இருந்தது, நகரவில்லை.

"அப்ப நல்லா வேலை செய்யுதா?" என்று முந்தானைக்குள்ளிருந்தே கேட்டார்.

"செய்யுதுக்கா. டாக்டரே ஆச்சரியப்படறார்."

"கேக்கணும் கேக்கணும்னு இருந்துச்சு. யாரும் பேசக் கூடாதுன்னு நானே சொல்லி வெச்சுட்டு, நானே எப்படிக் கேக்கறது? கட்டிக் குடுத்த பொண்ணு போன இடத்துல எப்படி இருக்கான்னு தெரியாத மாதிரி இருந்துச்சுடா."

"நன்றிக்கா" என்றார் இவர்.

அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "போகத்தான் போறேன். மாவுல கையை வைக்காம என்னால இருக்க முடியல. ஆனா உனக்கு செக்கப் வர்ற அன்னிக்கெல்லாம் வந்துடுவேன். டாக்டர் சொல்றதை இனிமே நானும் கேக்கணும்." பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டவர் மாதிரி அவரைப் பார்த்தார். "சர்ச்சுல உனக்குப் பின்னாடி பெஞ்சுல உக்காந்துக்கிட்டு உன் முதுகையே பாத்துக்கிட்டிருப்பேன். இடது பக்கம், இடுப்புக்கு மேல. இந்தச் சட்டைக்குள்ள அங்கதானே இருக்கும்னு. ஒரு வருஷமா ஒரு பிரசங்கம்கூடக் காதுல விழுந்ததில்ல."

இவர் விழித்தார். "முதுகுலயா? அங்க இல்லக்கா."

"பின்ன?"

"முன்னாடி வெச்சிருக்காங்க. எல்லாருக்கும் அப்படித்தான் வெப்பாங்களாம்."

"முன்னாடியா?"

என் வீட்டுக்காரர் முழங்காலாலேயே நகர்ந்து கிட்டே வந்தார். அக்காவின் கையைப் பிடித்து, சட்டைக்கு மேலேயே, வலது பக்கம் அடிவயிற்றில் வைத்தார். அண்ணியின் விரல்கள் முதலில் கூசின. அப்புறம் மெல்ல அழுத்திப் பார்த்தன, மாவு பதம் வந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி.

"கெட்டியா இருக்கே" என்றார்.

"இருக்கும்."

"இத்தனை நாள் தப்பான இடத்தைப் பாத்துக்கிட்டிருந்திருக்கேன்" என்றார் அண்ணி.

அதற்குப் பிறகு நாங்கள் ஜெபம் பண்ணினோம். யார் ஆரம்பித்தோம் என்று எனக்கு நினைவில்லை. ஆமென் சொல்லி முடித்த பிறகும் அண்ணி கையை எடுக்கவில்லை.